ஆறாவது ஆல்பத்தில் 'புதியவர்': சப்ரினா கார்பெண்டர் எப்படி ஜெயித்தார்?

(திரையில்: லாஸ் ஏஞ்சலஸ், 2025 பிப்ரவரி 2, கிராமி மேடை)

வணக்கம். 2025 கிராமி விருதுகளில் 'சிறந்த புதிய கலைஞர்' பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் அமெரிக்கப் பாடகி சப்ரினா கார்பெண்டரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 25. அதற்குள் ஆறு ஆல்பங்கள் வெளியிட்டிருந்தார். முதல் ஆல்பம் வந்தது 2015இல். பத்து வருஷம் பாடிய ஒருவர் எப்படிப் 'புதியவர்' ஆவார்?

விதிப்படி பார்த்தால் தப்பில்லை. முன்பெல்லாம் இத்தனை பாட்டு, இத்தனை ஆல்பத்துக்கு மேல் போட்டவர் இந்தப் பிரிவில் நிற்க முடியாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்: இந்தக் கலைஞர் பொதுமக்கள் கவனத்துக்கு வந்தது இந்த ஆண்டில்தானா? அப்படியென்றால், அதற்கு முந்தைய பத்து வருஷத்தை யாரும் கவனிக்கவே இல்லை என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறது. கொஞ்சம் கொடுமையான பாராட்டுதான். அந்த விருதை வாங்கிய பாடகி சாப்பல் ரோனும் 2015இல், 17 வயதில், ஒரு பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டவர். 2020இல் அந்த நிறுவனம் அவரைக் கைவிட்டது. ஆக, அந்த ஆண்டுப் 'புதியவர்கள்' இரண்டு பேருமே பழையவர்கள்.

சரி, சப்ரினாவிடம் 2024இல் புதிதாக என்ன நடந்தது? குரல் மாறவில்லை. முகம் மாறவில்லை. என் பதில் இதுதான்: அதுவரை அவருக்குள் ஒரு நகைச்சுவை நடிகையும் ஒரு பாடகியும் தனித்தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்குள் அந்த நடிகையை விட்டபோதுதான் எல்லாம் மாறியது. அது எப்படி நடந்தது என்று பார்க்கலாம்.

(திரையில்: பென்சில்வேனியா வரைபடம்)

சப்ரினா பிறந்தது 1999 மே 11. வளர்ந்தது பென்சில்வேனியா மாநிலத்தில் ஈஸ்ட் கிரீன்வில் என்ற சின்ன ஊரில். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தார். மகள் பாடுகிறாள் என்று தெரிந்ததும் அப்பா வீட்டிலேயே ஊதா நிறத்தில் ஒரு ரெக்கார்டிங் அறை கட்டிக் கொடுத்தார். சுமார் பத்து வயதில், மைலி சைரஸ் பெயரில் நடந்த ஒரு இணையப் பாட்டுப் போட்டியில் மூன்றாம் இடம். இன்னொரு தகவல், இதை நான் சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பீர்கள்: 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் பார்ட் பையனுக்குக் குரல் கொடுக்கும் நான்சி கார்ட்ரைட் இவருக்கு அத்தை முறை.

2011இல் 'லா அண்ட் ஆர்டர்' போலீஸ் தொடரில் ஒரு சின்ன வேடம். அப்புறம் டிஸ்னி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் டிஸ்னியின் அந்த ஏற்பாடு புரியாமல் இவர் கதை புரியாது. டிஸ்னி சேனலில் ஒரு பெண்ணைத் தொடர் நாயகியாக்குவார்கள். டிஸ்னிக்குச் சொந்தமான ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் அதே பெண்ணின் ஆல்பத்தைப் போடும். ரேடியோ டிஸ்னி அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும். பாட்டைக் கேட்ட குழந்தை தொடரைப் பார்க்கும், தொடரைப் பார்த்த குழந்தை பாட்டை வாங்கும். ஹிலாரி டஃப், மைலி சைரஸ், செலினா கோமஸ், டெமி லோவாட்டோ எல்லோரும் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

சப்ரினா உள்ளே நுழைந்தபோது அந்த ஏற்பாடு தளர ஆரம்பித்திருந்தது. 2014 ஜூனில் 'கேர்ள் மீட்ஸ் வேர்ல்ட்' தொடங்கியது. தொண்ணூறுகளில் ஓடிய 'பாய் மீட்ஸ் வேர்ல்ட்' தொடரின் தொடர்ச்சி. அதில் நாயகியின் தோழி மாயா ஹார்ட் வேடம் இவருக்கு. வீட்டில் காசில்லை, அப்பா விட்டுப் போய்விட்டார், வாய் மட்டும் நீளம். எந்தக் காட்சியிலும் கடைசி வார்த்தை மாயாவுடையதுதான். யாராவது உருக்கமாகப் பேசி முடித்தவுடன், அரை நொடி விட்டு ஒரு வரி போடுவார். சிரிப்பு வரும். அந்த அரை நொடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர் மூன்று பருவங்கள் ஓடி 2017 ஜனவரியில் முடிந்தது. அதற்குள் பிள்ளைகள் டிவியை விட்டு யூடியூபுக்குப் போய்விட்டார்கள். சில ஆண்டுகளில் ரேடியோ டிஸ்னியும் மூடப்பட்டது.

(திரையில்: நான்கு ஆல்பம் அட்டைகள் வரிசையாக)

ஹாலிவுட் ரெக்கார்ட்ஸில் அவர் போட்ட நான்கு ஆல்பங்களின் கணக்கைப் பாருங்கள். 2015இல் 'ஐஸ் வைட் ஓப்பன்', அமெரிக்க விற்பனையை அளக்கும் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 43ஆம் இடம். 2016இல் 'எவல்யூஷன்', 28ஆம் இடம். 2018இல் 'சிங்குலர்' முதல் பாகம், 103. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகம், 138. இரண்டாவது ஆல்பத்துக்குப் பிறகு, பாடகி வளர வளர இடம் பின்னால் போகிறது.

பாட்டுகள் மோசமா? இல்லை. சுத்தமாகப் பாடியிருப்பார், தாளம் அந்தந்த ஆண்டின் ரேடியோ தாளமாக இருக்கும். நான் மூன்று தடவை கேட்டும் பாடுவது யார் என்ற அடையாளம் மட்டும் பிடிபடவில்லை. மாயாவுக்கு இருந்த வாய், சப்ரினாவின் பாட்டுக்கு இல்லை. தன்னம்பிக்கையோடு இரு, உன்னை நீயே நம்பு என்ற மாதிரியான வரிகளை யார் பாடினாலும் ஒன்றுதான்.

நடிப்பு இந்தச் சமயத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2018இல் 'தி ஹேட் யூ கிவ்' படத்தில், தன் மனசுக்குள் இருக்கும் இனவெறி தனக்கே தெரியாத ஒரு வெள்ளைக்காரத் தோழியாக நடித்தார். பார்ப்பவருக்கு எரிச்சல் வர வேண்டிய வேடம், வரவைத்தார். நெட்ஃபிளிக்ஸில் 'டால் கேர்ள்', 'ஒர்க் இட்' என்று இளைஞர் படங்கள். 'ஒர்க் இட்'டில் நாயகியாக நடித்ததோடு நிர்வாகத் தயாரிப்பாளராகவும் இருந்தார்.

2020 மார்ச் 10, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வே. 'மீன் கேர்ள்ஸ்' இசை நாடகத்தில் நாயகி கேடியாக முதல் நாள் மேடையேறினார். மார்ச் 12 அன்று கொரோனாவுக்காக பிராட்வே முழுவதும் மூடப்பட்டது. மொத்தம் இரண்டே காட்சிகள். அந்த நாடகம் பிராட்வேக்குத் திரும்பவே இல்லை.

2021இல் நிறுவனம் மாறினார், ஐலண்ட் ரெக்கார்ட்ஸ். அந்த ஜனவரி அவருக்கு நல்ல மாதம் இல்லை. பாடகி ஒலிவியா ரோட்ரிகோவின் 'டிரைவர்ஸ் லைசன்ஸ்' ஜனவரி 8இல் வெளியாகி எட்டு வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. காதலன் வேறொருத்தியோடு போய்விட்டான் என்ற பாட்டு. அதில் ஒரு பொன்னிறக் கூந்தல்காரி வருகிறாள். அது சப்ரினாதான் என்று இணையம் தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டது. இரண்டு வாரத்தில் இவர் வெளியிட்ட 'ஸ்கின்', பில்போர்டின் பாடல் பட்டியலான ஹாட் 100இல் 48ஆம் இடத்தில் நுழைந்தது. அந்தப் பட்டியலில் அவருடைய முதல் பாட்டு அதுதான். ஏழெட்டு வருஷமாகக் கேட்காதவர்கள், வம்புக்காகக் கேட்டார்கள்.

2022 ஜூலையில் 'இமெயில்ஸ் ஐ கான்ட் சென்ட்' ஆல்பம். தனக்குத்தானே எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்கள் போன்ற பாட்டுகள். குடும்பத்தில் பட்ட காயம், இணையத்தில் வந்த கொலை மிரட்டல், எல்லாம் உண்டு. ஆனால் திருப்பம் அந்தச் சோகப் பாட்டுகளில் இல்லை. அதே ஆல்பத்தில் 'நான்சென்ஸ்' என்று ஒரு விளையாட்டுப் பாட்டு. காதல் தலைக்கேறி வாய்க்கு வந்ததை உளறும் பெண். பாட்டின் கடைசியில் எதுகை பிடித்து நாலு வரி உளறி, தானே சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பை வெட்டாமல் அப்படியே விட்டார்கள்.

கச்சேரிகளில் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கடைசி வரிகளை ஒவ்வொரு ஊருக்கும் மாற்றி எழுத ஆரம்பித்தார். ஊர் பெயர் எதுகையில் வர வேண்டும், கொஞ்சம் ஆபாசமாகவும் இருக்க வேண்டும். முகம் மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. 2023இல் பிபிசி ரேடியோவில் பாடியபோது அந்த நிலையத்தின் பெயரை வைத்தே ஒரு இரட்டை அர்த்தம் போட்டார். பிபிசி தன் வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டது. வெட்டியதே செய்தியாகிப் போனது.

இதில் இருக்கும் வியாபார நுட்பத்தைக் கவனியுங்கள். மற்ற பாடகர்கள் 50 ஊரில் ஒரே பாட்டைப் பாடினால், டிக்டாக்கில் அது ஒரு வீடியோதான். இவர் 50 ஊரில் பாடினால் 50 வீடியோ. இன்று ராத்திரி என்ன சொல்லப் போகிறார் என்று கச்சேரிக்கு வராதவர்களும் காத்திருந்தார்கள். விளம்பரத்துக்குக் காசு செலவழிக்காமல் தினம் ஒரு விளம்பரம். அதைவிட முக்கியம், மாயாவின் அந்த அரை நொடி பாட்டுக்குள் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'ஈராஸ்' உலகக் கச்சேரிப் பயணத்தில் தொடக்கப் பாடகியாக 2023இல் மெக்சிகோ, அர்ஜென்டினா, பிரேசில். 2024 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா, சிங்கப்பூர். தொடக்கப் பாடகியின் வேலை நன்றி கெட்டது. ஜனங்கள் வந்திருப்பது வேறொருவரைப் பார்க்க. சிட்னியில் ஒரு நாள் மின்னலும் மழையும் வந்து இவருடைய நேரமே பறிபோனது. டெய்லர் பிறகு தன் நிகழ்ச்சிக்கு நடுவில் இவரைக் கூப்பிட்டுக் கூடப் பாட வைத்தார். இருந்தாலும் மெல்போர்னில் ஒரு ராத்திரிக்கு 96,000 பேர். அந்தக் கூட்டத்தைச் சிரிக்க வைக்க முடிந்தால் எந்தக் கூட்டத்தையும் சிரிக்க வைக்கலாம்.

(திரையில்: 2024 ஏப்ரல், பாலைவனம், கோச்செல்லா)

2024 ஏப்ரல் 11இல் 'எஸ்பிரெஸ்ஸோ' வெளியீடு. மறுநாள் கலிபோர்னியாவில் நடக்கும் பெரிய இசை விழாவான கோச்செல்லா மேடையில் அதைப் பாடினார். இந்த நாள் கணக்கு தற்செயல் இல்லை. பாட்டு வெளியான மறுநாளே அதன் மேடை வீடியோவும் உலகம் முழுக்கப் போனது.

பிரான்சில் எழுதிய பாட்டு. அலட்டிக்கொள்ளாத டிஸ்கோ தாளம். நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டவன் அவன், இவள் நிம்மதியாக இருக்கிறாள். பெரிய குரல் வித்தை ஒன்றும் கிடையாது. இலக்கணத்தைப் பற்றியும் கவலை இல்லை. ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு முன் விடும் இடைவெளியில்தான் பாட்டு நிற்கிறது. அமெரிக்காவில் மூன்றாம் இடம், பிரிட்டனில் முதலிடம். ஜூனில் 'ப்ளீஸ் ப்ளீஸ் ப்ளீஸ்', அமெரிக்காவில் அவருடைய முதல் நம்பர் ஒன். காதலனிடம் 'நாலு பேர் முன்னால் என்னை அவமானப்படுத்திவிடாதே' என்று கெஞ்சுகிற பாட்டு. கெஞ்சலா மிரட்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதிரி பாடியிருப்பார். அது பாடகி வேலை மட்டுமில்லை, நடிகை வேலை.

ஆகஸ்ட் 23இல் 'ஷார்ட் அண்ட் ஸ்வீட்' ஆல்பம். ஐந்தடி உயரம் அவருக்கு, தலைப்பிலேயே அந்தக் கிண்டல் இருக்கிறது. இணையத்தில் கேட்டதையும் சேர்த்து, முதல் வாரத்தில் அமெரிக்காவில் 3,62,000 பிரதிகளுக்குச் சமமான விற்பனை, முதலிடம். அதே வாரம் ஹாட் 100 பட்டியலின் முதல் ஐந்து இடங்களில் மூன்று இவருடையவை. பிரிட்டனில் அந்த ஓராண்டில் மட்டும் மூன்று பாட்டுகளாக 21 வாரம் முதலிடம்.

பாராட்டை ஒருவருக்கே கொடுத்துவிடக் கூடாது. இந்த ஆல்பத்தின் எல்லாப் பாட்டுகளிலும் சேர்ந்து எழுதியவர் ஏமி ஆலன். அந்த ஆண்டின் சிறந்த பாடலாசிரியர் கிராமி விருது அவருக்குத்தான் போனது. சப்ரினாவுக்கு இரண்டு கிராமி: சிறந்த பாப் ஆல்பம், சிறந்த தனிப் பாப் பாட்டு. அன்று மேடையில் அவர் செய்ததைத் தேடிப் பாருங்கள். தடுமாறுவது, சொதப்புவது, சமாளிப்பது, எல்லாம் நொடி பிசகாமல். தன் உலகச் சுற்றுப்பயணத்தையும் பழைய காலத்து டிவி நிகழ்ச்சி மாதிரியே அமைத்திருந்தார். மேடையே ஒரு வீடு, நடுவில் போலி விளம்பரங்கள் வேறு.

எல்லாமே சரியாகப் போகவில்லை. 2025 ஆகஸ்ட் 29இல் வந்த 'மேன்ஸ் பெஸ்ட் ஃப்ரெண்ட்' ஆல்பத்தின் அட்டையில் அவர் மண்டியிட்டிருக்கிறார், ஒரு ஆண் அவர் தலைமுடியைப் பிடித்திருக்கிறான். பெரிய சண்டை. இது கிண்டல்தான் என்றது ஒரு கட்சி, பெண்களைக் கேவலப்படுத்துகிறது என்றது இன்னொரு கட்சி. பிறகு வேறொரு அட்டையும் வெளியிட்டார். என்னைக் கேட்டால், படம் எடுபடாமல் போனதற்குக் காரணம் எளிமையானது. இவருடைய கிண்டல் முழுக்க நேரத்தை நம்பி இருக்கிறது: ஒரு பார்வை, ஓர் இடைவெளி, அப்புறம் வரி. அசையாத புகைப்படத்தில் அந்த இடைவெளிக்கு இடமே இல்லை. ஆல்பம் எப்படியும் முதலிடத்துக்குப் போனது, முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விற்று, 3,66,000.

இப்போது நடிப்பு திரும்பி வருகிறது. 2025 அக்டோபரில் 'சாட்டர்டே நைட் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கி, அதிலேயே பாடவும் செய்தார். இப்போது டிஸ்னிக்குச் சொந்தமான பொம்மை நகைச்சுவை நிகழ்ச்சி 'மப்பெட் ஷோ'வின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில் விருந்தினர், நிர்வாகத் தயாரிப்பாளரும் அவரே. டிஸ்னி வீட்டுக்குள் மறுபடியும் போனார், இந்தத் தடவை தன் பெயரைத் தயாரிப்பாளர் பட்டியலில் போட்டுக்கொண்டு.

முடிப்பதற்கு முன் ஒன்று. 2024 கோச்செல்லாவில் 'நான்சென்ஸ்' பாட்டின் கடைசி வரியை எப்படி மாற்றினார் என்று நான் சொல்லவில்லையே. அடுத்த முறை இங்கே வரும்போது முதன்மைப் பாடகியாகத்தான் வருவேன் என்ற பொருளில் ஒரு எதுகை போட்டார். கூட்டம் சிரித்தது. 2025 செப்டம்பரில் அடுத்த கோச்செல்லாவின் அறிவிப்பு வந்தது. 2026 ஏப்ரலுக்கான முதன்மைப் பாடகர்கள் மூன்று பேர்: ஜஸ்டின் பீபர், கரோல் ஜி, சப்ரினா கார்பெண்டர்.