கோச் ஒருவர் கிளம்பினால் டீமே கிளம்புமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். டல்லாஸிலிருந்து ஒரு நேயர் அனுப்பியது. அப்படியே வாசிக்கிறேன்.

"என் பையனுக்குக் காலேஜ் பேஸ்கட்பால் பைத்தியம். சீசன் முடிந்த பிறகும் யார் போனார், யார் வந்தார் என்று ராத்திரி பகலாகப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். 2024இல் கென்டக்கி டீமில் ஒருத்தர்கூட மிஞ்சவில்லை என்கிறான். படிக்கிற பிள்ளைகள்தானே, எல்லாரும் ஒரே கோடையில் எப்படிக் காலேஜ் மாற முடியும்? கோச் போனால் டீமும் போய்விடுமா? போர்ட்டலில் பேர் கொடுத்துவிட்டால் அந்தப் பையன் போய்விட்டான் என்றே அர்த்தமா?"

முதலில், உங்கள் பையன் சொன்னது கிட்டத்தட்ட முழுக்கச் சரி. ஸ்காலர்ஷிப் இல்லாமல் பயிற்சிக்கு வந்துபோகும் ஒரு சிலரைத் தள்ளிவிட்டால், 2023-24இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ஸ்காலர்ஷிப் பிள்ளைகளில் அடுத்த வருடம் ஒருவர்கூட அங்கே இல்லை. இன்னொரு விஷயம், அந்தக் கதை தொடங்கியதே உங்கள் ஊரில்தான்.

டல்லாஸில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறதே, எஸ்எம்யூ, அவர்கள் 2024 மார்ச்சில் தங்கள் கோச் ராப் லேனியரை அனுப்பிவிட்டார்கள். அந்த சீசனில் 20 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவர் அவர். ஆனால் ஜூலையில் ஏசிசி என்ற பெரிய கான்ஃபரன்ஸுக்கு, அதாவது காலேஜ்கள் சேர்ந்து ஆடும் பெரிய லீகுக்குப் போகப் போகிறோம், அதற்குப் பெரிய பெயர் வேண்டும் என்று நினைத்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸின் யுஎஸ்சி பல்கலைக்கழகத்தில் 11 வருடம் இருந்த ஆண்டி என்ஃபீல்டைக் கூட்டிவந்தார்கள். லேனியருக்கு சில நாளிலேயே ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகம் வேலை கொடுத்துவிட்டது. அதை விடுங்கள்.

ரயிலில் பார்த்திருப்பீர்கள். "சார், நாங்க ஃபேமிலியா வந்திருக்கோம், நீங்க அந்த அப்பர் பெர்த்துக்கு மாறிக்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்பார். அவர் மாறுவார், அவர் இடத்துக்கு இன்னொருவர் வருவார், பத்து நிமிடத்தில் பெட்டியே இடம் மாறியிருக்கும். இங்கேயும் அதேதான் நடந்தது. யுஎஸ்சியில் இடம் காலி. அவர்கள் ஆர்கன்ஸா பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த எரிக் மஸல்மனை அழைத்துக்கொண்டார்கள். இப்போது ஆர்கன்ஸா காலி.

ஆர்கன்ஸா யாரைத் தூக்கும் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜான் கலிப்பாரியின் பெயர் அதில் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. கென்டக்கியில் 15 சீசன், தேசியப் போட்டியில் கடைசி நான்கு டீமுக்குள் வரும் ஃபைனல் ஃபோர் நான்கு முறை, 2012இல் ஆன்டனி டேவிஸை வைத்துக்கொண்டு ஒரு சாம்பியன்ஷிப். அந்த ஊரில் பேஸ்கட்பால் கோச் என்றால் கவர்னருக்கு ஒரு படி மேல்.

ஆனால் அந்த மார்ச்சில் ஒரு கூத்து நடந்திருந்தது. காலேஜ் விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தேசியப் போட்டியில், முதல் சுற்றில் மூன்றாம் தரவரிசைக் கென்டக்கி, பதினான்காம் தரவரிசை ஓக்லண்டிடம் 80-76 என்று தோற்றது. கலிஃபோர்னியா ஓக்லண்ட் இல்லை, மிஷிகனில் இருக்கும் சின்னக் காலேஜ். அவர்களிடம் ஜாக் கோல்கி என்று ஒரு பையன். பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 20 பந்து எறிந்தான், இருபதுமே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து. பத்து உள்ளே விழுந்தது. இந்தப் பக்கம் கென்டக்கியில் என்பிஏ என்ற தொழில்முறை லீக் தேடி வரக்கூடிய பையன்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடம் முன்னால்தான் செயின்ட் பீட்டர்ஸ் என்ற இன்னும் சின்னக் காலேஜிடம் தோற்றிருந்தார்கள். ஊர் கொதித்துப் போயிருந்தது.

சரி, வேலையை விட்டு நீக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஒப்பந்தப்படி அனுப்பினால் மூன்று கோடி டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அதனால் அடுத்த வருடமும் அவரே என்று நிர்வாகம் அறிவித்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கலிப்பாரி ஆர்கன்ஸா போகிறார் என்று செய்தி வெடித்தது. மறுநாள் யூகான், பர்டியூ என்ற இரண்டு காலேஜ்களுக்கும் என்சிஏஏ இறுதி ஆட்டம். அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு ஆளாளுக்குக் கலிப்பாரியைப் பற்றியே பேசினார்கள். நிர்வாகத்துக்கு மிச்சமானது அந்த மூன்று கோடி. அனுப்ப முடியாதவர் தானாகவே மூட்டையைக் கட்டிவிட்டார்.

கென்டக்கி, பேய்லர் பல்கலைக்கழகத்தின் கோச் ஸ்காட் ட்ரூவிடம் கேட்டது, அவர் அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றார். கடைசியில் யூட்டா மாநிலத்தின் பிஒய்யூ பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் போப்பைக் கொண்டுவந்தார்கள். 1996இல் கென்டக்கி சாம்பியன் ஆனபோது கேப்டன்களில் ஒருவர். கோச்சாக என்சிஏஏ போட்டியில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. ரசிகர்கள் முதல் நாள் திட்டித் தீர்த்தார்கள். இரண்டு நாள் கழித்து, கென்டக்கி டீமின் சொந்த அரங்கமான ரப் அரீனாவில் அறிமுக விழா. பழைய ஆட்டக்காரர்களோடு பஸ்ஸிலேயே உள்ளே வந்து, 96 கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். அரங்கம் நிரம்பி வழிந்தது, திட்டியவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிஒய்யூவின் காலி இடத்துக்கு என்பிஏவில் ஃபீனிக்ஸ் சன்ஸின் துணை கோச் கெவின் யங் வந்தார். சங்கிலி அங்கே நின்றது. டல்லாஸில் ஒருவரை அனுப்பியதில் தொடங்கி யூட்டாவில் முடிகிற வரை ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. கோச் போனால் பையன்கள் ஏன் போகிறார்கள்?

ஒரு பையன் காலேஜைத் தேர்ந்தெடுப்பதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அவன் தேர்ந்தெடுப்பது கோச்சை. அவன் பதினைந்து வயதில் ஆடும்போதே வந்து கேலரியில் உட்கார்ந்தவர் கோச்தான். வீட்டுக்கு வந்து, அவன் அம்மா வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, "உங்கள் பிள்ளையை என் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னவரும் அவர்தான். பல்கலைக்கழகத்தின் தலைவர் வந்து சொல்லவில்லை. டிஜே வாக்னரின் தாத்தாவுக்கே கலிப்பாரியோடு பல வருடப் பழக்கம். கலிப்பாரி ஆர்கன்ஸா போனதும் வாக்னர், அடூ தியேரோ, குரோஷியாவின் ஏழடிப் பையன் ஸ்வோனிமிர் இவிஷிச் மூவரும் பின்னாலேயே போனார்கள். கென்டக்கிக்கு வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருந்த பூகி ஃப்ளாண்ட் மாதிரியான பள்ளிப் பையன்களும் அங்கேயே போனார்கள். ரீட் ஷெப்பர்டும் ராப் டில்லிங்ஹமும் ஒரே வருடத்தில், அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் என்பிஏ டிராஃப்டுக்குப் போய், மூன்றாவதாகவும் எட்டாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். ஆரன் பிராட்ஷா ஒஹாயோ ஸ்டேட்டுக்கு, ஒருவர் கன்சஸ் ஸ்டேட்டுக்கு, இன்னொருவர் ஜார்ஜ்டவுனுக்கு. மற்றவர்களில் சிலர் அதே மாதிரி வேறு காலேஜுக்கோ டிராஃப்டுக்கோ போனார்கள், சிலருக்குக் காலேஜில் ஆடும் தகுதிக் காலம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான், காலி.

இது முன்னாலும் நடக்கக்கூடியதுதான், ஆனால் வலிக்கும். பழைய விதிப்படி காலேஜ் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். பிளஸ் ஒன் முடிந்து டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனால், "போ, மறுபடி பிளஸ் ஒன்னிலேயே உட்கார்" என்று சொன்னால் எத்தனை பேர் மாறுவார்கள்? அதுபோலத்தான். அந்த மார்க் போப்பே அப்படி உட்கார்ந்தவர். முதல் இரண்டு வருடம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிவிட்டு 1993இல் கென்டக்கிக்கு மாறினார், ஒரு சீசன் முழுக்கப் பயிற்சி மட்டும்தான், ஆட்டம் கிடையாது.

2018இல் டிரான்ஸ்பர் போர்ட்டல் வந்தது. அது ஒரு பட்டியல், அவ்வளவுதான். பெயர் ஏறிவிட்டால் மற்றக் காலேஜ்கள் அந்தப் பையனோடு பேசலாம். 2021இல் ஒரு முறை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024 ஏப்ரலில், சரியாக இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது, படிப்பில் மதிப்பெண் ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆக்கிவிட்டார்கள். கூடவே இன்னொரு விதி: கோச் மாறினால் அந்தப் பையன்களுக்குத் தனியாக 30 நாள் கதவு திறக்கும். இப்போது நாட்களைக் குறைத்துவிட்டார்கள், ஆனால் கதவு இருக்கிறது.

பணமும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து காலேஜே நேரடியாகக் கொடுக்கலாம், முதல் வருடம் ஒரு காலேஜுக்கு எல்லா விளையாட்டும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர் வரை. "பிள்ளைகள் காசுக்கு அலைகிறார்கள்" என்று பழைய ஆட்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். மேலே சொன்ன சங்கிலியைத் திரும்பிப் பாருங்கள். அதில் முதலில் நகர்ந்தது எந்தப் பையனும் இல்லை. ஒரு காலேஜ் கோச்சை அனுப்பியது, நான்கு கோச்கள் ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போதே கிளம்பினார்கள். அவர்களில் ஒருவரையும் யாரும் ஒரு வருடம் உட்காரச் சொல்லவில்லை. போகிற வழியில் பெரும்பாலும் சம்பளமும் ஏறும். பத்தொன்பது வயதுப் பையன் அதையே செய்தால் மட்டும் விசுவாசம் ஞாபகத்துக்கு வருகிறது. ஒன்று ஒத்துக்கொள்கிறேன், ஒரு பையன் நான்கு வருடத்தில் நான்கு காலேஜ் மாறினால் அவன் வாங்கும் டிகிரி எந்த லட்சணத்தில் இருக்கும் என்ற கவலை எனக்கும் உண்டு.

அடுத்து, போர்ட்டலில் பெயர் வந்தால் போய்விட்டான் என்று அர்த்தமா? இல்லை. திரும்பியும் வரலாம். ஆனால் பழைய காலேஜ் அவனுக்காக ஸ்காலர்ஷிப்பைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் திரும்புவது குறைவு. டிராஃப்ட் வேறு கதை. அங்கே பெயர் கொடுத்து, என்பிஏ அணிகள் என்ன சொல்கின்றன என்று கேட்டுவிட்டு, என்சிஏஏ சொல்லும் கெடு நாளுக்குள் வாபஸ் வாங்கினால் மறுபடி காலேஜில் ஆடலாம். ஜாக்ஸன் ராபின்சன் பிஒய்யூவில் ஆடியவன், 2024இல் டிராஃப்டுக்குப் போய் வாபஸ் வாங்கிவிட்டு, பழைய கோச் போப்போடு கென்டக்கிக்கே வந்தான். கென்டக்கிக்கு ஆடிய ஒடேகா ஓவே 2025 மே கடைசியில் அதே மாதிரி வாபஸ் வாங்கினான். என்பிஏ நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் மகன் ப்ரானி யுஎஸ்சியில் இருந்தபோது டிராஃப்ட், போர்ட்டல் இரண்டிலும் ஒரே நாளில் பெயர் கொடுத்தான். துண்டு இரண்டு சீட்டிலும் போட்டாயிற்று. கடைசியில் லேக்கர்ஸ் என்ற என்பிஏ அணி டிராஃப்டில் 55ஆவதாக எடுத்துக்கொண்டது. அதனால் உங்கள் பையன் ஏப்ரலில் "ஐயோ, இவன் போய்ட்டான்" என்று அலறினால், ஜூன் வரை பொறு என்று சொல்லுங்கள்.

அப்புறம் என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆர்கன்ஸாவில் போய் இறங்கிய கலிப்பாரி, டீமைச் சந்தித்தேன், டீம் என்று ஒன்றும் இல்லை என்று முதல் நாளே சொல்லிச் சிரிக்க வைத்தார். மஸல்மன் போனதில் அங்கேயும் காலி. போப்பும் வெறும் அரங்கத்தில்தான் தொடங்கினார். சான் டியாகோ ஸ்டேட்டிலிருந்து லமான்ட் பட்லர், டேட்டனிலிருந்து கோபி ப்ரே, ட்ரெக்ஸலிலிருந்து அமாரி வில்லியம்ஸ், ஓக்லஹோமாவிலிருந்து ஓவே என்று ஊருக்கு ஒருவராகப் பொறுக்கிச் சேர்த்தார். கோடையில் ஒருவருக்கொருவர் பேர் கேட்டுக்கொண்ட பையன்கள், நவம்பரில் கூப்பர் ஃப்ளாக் என்ற நட்சத்திரம் ஆடிய டியூக் பல்கலைக்கழகத்தை 77-72 என்று ஜெயித்தார்கள். 2025 பிப்ரவரி 1 அன்று கலிப்பாரி ஆர்கன்ஸாவோடு ரப் அரீனாவுக்குள் நுழைந்தார். 15 வருடம் கை தட்டிய அதே கூட்டம் ஊளையிட்டது. அவர் 89-79 என்று ஜெயித்துவிட்டுப் போனார். ஆனாலும் இரண்டு டீமும் அந்த மார்ச்சில் என்சிஏஏ போட்டியின் கடைசி பதினாறுக்குள் வந்தன.

ஒரு பையனைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். ட்ராவிஸ் பெர்ரி. கென்டக்கியின் லயன் கவுண்டியில் ஆடியவன், அந்த மாநிலத்தின் பள்ளி ஆட்ட வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவன். 1950களில் கெல்லி கோல்மன் வைத்த சாதனையை உடைத்தவன். கலிப்பாரி காலத்தில் கையெழுத்துப் போட்டவன்தான். கோச் போனதும் கூடச் சேர வேண்டியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், இவன் மட்டும் அசையவில்லை. கென்டக்கியின் அந்த நீலச் சட்டைதான் வேண்டும் என்று நின்றான். சீசன் முழுக்கப் பெரும்பாலும் பெஞ்சுதான், சராசரி மூன்று புள்ளிகூட வரவில்லை. 2025 ஏப்ரலில் அவன் பெயரும் போர்ட்டலில் வந்தது. ஓலே மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குப் போனான்.