எண்ணெயில் பிறக்கும் வெயில் காப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

சாம்பாரில் போடும் பெருங்காயத்திலிருந்தே தொடங்குகிறேன். 1866-இல் பெருங்காயப் பிசினை ஆராய்ந்த வேதியியலாளர்கள் அதிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். செடியின் பெயர் ஃபெருலா. அமிலத்துக்கு ஃபெருலிக் அமிலம் என்று பெயர் வந்தது. அரிசித் தவிட்டிலும் ஓட்ஸிலும்கூட இது உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிரை உள்வாங்கிக்கொள்ளும் குணம் இதற்கு இருக்கிறது.

அப்படியே வெயில் காப்பு கிரீமில் கலந்துவிட முடியாதா? இது எண்ணெயோடு சேராது. கடலில் இறங்கிக் குளிப்பவருக்குத் தண்ணீரில் கரையாமல் தோலிலேயே நிற்கும் பொருள்தான் தேவை.

இதற்கு வழி கண்டது அமெரிக்காவின் பியோரியா நகரில் உள்ள அரசு வேளாண் ஆய்வுக்கூடம். இரண்டாம் உலகப் போரின்போது பெனிசிலினை ஏராளமாக விளைவிக்கக் கற்றுக்கொடுத்த அதே இடம். அங்கே ஜோசப் லாஸ்லோவும் டேவிட் காம்ப்டனும் சோயா எண்ணெயின் மூலக்கூறிலேயே ஃபெருலிக் அமிலத்தைக் கோத்துவிட்டார்கள். எண்ணெயின் ஒரு மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்குகின்றன. அவற்றில் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் ஃபெருலிக் அமிலத்தை மாட்டுவது லிப்பேஸ் என்ற நொதி. நாம் சாப்பிடும் எண்ணெயை வயிற்றுக்குள் உடைப்பதும் இதே இனத்து நொதிதான். தண்ணீர் நிறைய இருந்தால் வெட்டும். தண்ணீர் இல்லாத எண்ணெயில் விட்டால் இடம் மாற்றிக் கோக்கும். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீராத இடம் இது.

இந்த நொதியை ஏற்றிய மணிகளைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ரவை அளவுதான் இருக்கும். ஒரு குழாயில் அவற்றை நிரப்பி, சுமார் 60 டிகிரியில், அதாவது குடிக்கிற காபியின் சூட்டில், எண்ணெயைப் பாய்ச்சுகிறார்கள். கடுமையான அமிலமோ கரைப்பானோ தேவையில்லை. மணிகளையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2018-இல் சட்டம் இயற்றி, புற ஊதாக் கதிரை உள்வாங்கும் ஆக்சிபென்சோன், ஆக்டினோக்சேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை 2021 முதல் தடுத்தது. பவளப்பாறைகளைப் பற்றிய கவலையே காரணம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆக்டினோக்சேட்டும் வேதியியலில் ஃபெருலிக் அமிலத்துக்குத் தூரத்துச் சொந்தம். செடியிலிருந்து வந்தது என்பதற்காகவே பவளத்துக்குத் தீங்கில்லை என்று முடிவுகட்டக் கூடாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும். நீண்ட அலை கொண்ட புற ஊதாக் கதிரையும் ஃபெருலிக் அமிலம் கோத்த இந்த எண்ணெய் தனியாகத் தடுக்காது. துத்தநாக ஆக்சைடு போன்ற துணை வேண்டும்.

மூலப்பொருளுக்கு மட்டும் பஞ்சமில்லை. தவிட்டு எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சுகிற கசடிலிருந்தே ஜப்பானில் ஃபெருலிக் அமிலம் எடுக்கிறார்கள். நெல் அரைக்கிற ஊரெல்லாம் தவிடு இருக்கிறது.

நன்றி, வணக்கம்.