முக்கூர்த்தியின் எருமைத் தடங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நீலகிரியின் மேற்கு விளிம்பில் 2,554 மீட்டர் உயரத்தில் நிற்கிறது முக்கூர்த்திச் சிகரம். எருமை வளர்க்கும் பழங்குடியினரான தோடர்களுக்கு அது மறுவுலக வாசல். இறந்தவரின் உயிரோடு எருமையின் உயிரும் அவ்வழியே போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தச் சிகரத்துப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் முதலில் எருமையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே காலுக்கடியில் இருப்பது தலைமுறை தலைமுறையாக மேய்ந்த புல்வெளி. குளிர்காலத்தில் உறைபனி விழும்போது திறந்தவெளியில் முளைத்த சோலைக்காட்டு மரக்கன்று கருகிவிடும். புல்லோ வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரம் மட்டும் எதற்கும் அடங்குவதில்லை. வெட்டிச் சாய்த்தாலும், மண்ணில் பல வருடம் கிடந்த விதைகள் வெயில் பட்டதும் முளைத்துவிடும். மேய்ச்சல் நிலம் சுருங்கியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. ஏறும்போது எருமைத் தடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எருமை சரிவில் நேராக ஏறாது, குறுக்காகச் சுற்றித்தான் ஏறும். குறுக்குவழி என்று நேரே ஏறினால் புல் குத்து வேரோடு பெயரும். அடுத்த மழையில் அந்த இடம் வாய்க்காலாகிவிடும்.

இரண்டு மேடுகளுக்கு நடுவே பச்சைப் பசேலென்று சமதரை தெரிந்தால் ஆசைப்பட்டு இறங்காதீர்கள். அது சதுப்பு. முழங்கால் வரை உள்ளே இழுக்கும். சுற்றிப் போக அரை மணி கூடுதலானாலும் பரவாயில்லை. தோடர் கோயிலுக்குக் கூரை வேயும் புல் இத்தகைய சதுப்பில்தான் வளர்கிறது. நாம் மிதித்துத் தடம் போட்டால் நீர் அவ்வழியே வடிந்து சதுப்பு காயும், புல்லும் போகும்.

எருமை எதிர்ப்பட்டால் நின்று வழிவிடுங்கள். அகன்று வளைந்த கொம்பு. புது ஆளைக் கண்டால் தலையைத் தூக்கி முறைக்கும். கையை வீசி விரட்டினால் பாய்ந்துவிடும்.

மதியத்துக்கு முன்பே திரும்பத் தொடங்குவது நல்லது. மேற்கிலிருந்து மூடுபனி ஏறினால் எல்லா மேடும் ஒன்றுபோலத் தெரியும். மேற்குப் பக்கம் செங்குத்துப் பாறை, ஆகவே பனி விலகும்வரை இருந்த இடத்திலேயே உட்காருங்கள்.

வழியில் மந்து எனப்படும் தோடர் குடியிருப்பு வந்தால், எருமைப் பாலைக் கடையும் இடமான பால் கோயிலைச் சுற்றியிருக்கும் கல் சுவருக்கு வெளியே நின்றுவிடுங்கள். தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறிய அந்தக் கோயில் வாசல் பூசாரிக்கு மட்டுமே உரியது.