கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறேன்

(புரசைவாக்கத்தில் ஒரு சபையின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது)

சபையாருக்கு ஸ்தோத்திரம்.

முதலாம் கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். கல்யாண விஷயமாகக் கொரிந்து சபையார் கேட்டு எழுதியிருக்கிறார்கள், அப்போஸ்தலனாகிய பவுல் இந்தக் கடிதத்தில் பதில் சொல்கிறார். கணவனும் மனைவியும் பிரியக்கூடாது என்கிற இடத்தில் ‘நானல்ல, கர்த்தரே கட்டளையிடுகிறதாவது’ என்கிறார். அதைப் பற்றி இயேசுவே பேசியிருக்கிறார். அடுத்து, ஒருவர் விசுவாசி, மற்றவர் இல்லை என்ற வீடுகளைப் பற்றிப் பேச்சு வருகிறது. அங்கே ‘கர்த்தர் அல்ல, நானே’ என்று மாற்றிக்கொள்கிறார். 25ஆம் வசனத்துக்கு வந்தால் ஒரே போடு: எனக்குக் கட்டளை இல்லை, ‘என் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறேன்’.

தமஸ்கு வழியில் கர்த்தருடைய சத்தத்தைக் கேட்ட மனுஷன் இவர். எல்லாவற்றையும் கர்த்தர் பெயரிலேயே எழுதியிருந்தால் கொரிந்தில் யார் தட்டிக் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஆனால் எழுதவில்லை. தன் அபிப்பிராயம் மட்டமானது என்றும் நினைக்கவில்லை. ‘என்னிடத்திலும் தேவனுடைய ஆவி உண்டென்று எண்ணுகிறேன்’ என்று அதிகாரத்தை முடிக்கிறார். ஆவியானவர் உள்ள மனுஷனுக்கும் தன் பேச்சு எது, கர்த்தருடைய கட்டளை எது என்று பிரித்துச் சொல்லும் கடமை இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். மேடையில் மைக்கைப் பிடித்தவுடன் ‘ஆண்டவர் என்னோடு பேசினார்’. அப்புறம் மகளை எந்த வேலைக்கு அனுப்புவது, யாருக்கு ஓட்டுப் போடுவது என்று எல்லாவற்றுக்கும் அதே ரப்பர் ஸ்டாம்ப். யாராவது ஒரு தம்பி எழுந்து கேள்வி கேட்டால், வேதத்தில் எந்தத் தீர்க்கதரிசனமும் சுயமாய்ப் பொருள் சொல்வதற்கல்ல என்று 2 பேதுரு 1:20ஐக் காட்டி உட்கார வைக்கிறோம். நல்ல வசனம்தான். ஆனால் அது கீழே உட்கார்ந்திருப்பவரை மட்டுமா கட்டும்? மேடையில் நிற்கிற என்னையும் சேர்த்துத்தானே?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம், வரும் வருஷத்துக்கு ஆளுக்கொரு வசனம். எரேமியா 29:11 கிடைத்தவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ இந்த வருஷம் வீடு முடிந்துவிடும், விசா வந்துவிடும். சரி, அதற்கு முந்தின வசனத்தைப் படித்தோமா? எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்று இருக்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருக்கிற ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. கடிதத்தை வாங்கியவர்களில் பாதிப் பேர் எருசலேமை மறுபடி பார்த்திருக்க வழியில்லை.

அந்தக் கடிதத்துக்கு முந்தின அதிகாரம்தான் எனக்கு எப்போதும் பயமாக இருக்கும். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான். ஆசாரியர்கள் இருக்கிறார்கள், ஜனங்கள் இருக்கிறார்கள். அவனும் ‘சேனைகளின் கர்த்தர் சொல்லுகிறார்’ என்றுதான் ஆரம்பிக்கிறான். எரேமியாவும் அதே வார்த்தைகளைத்தான் சொல்வார். சத்தத்தை வைத்தோ தைரியத்தை வைத்தோ அன்றைக்கு அந்த இருவரைப் பிரித்திருக்க முடியாது. சொல்லப்போனால் அனனியாவுக்குத்தான் தைரியம் அதிகம்; பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தே போட்டான். எரேமியாவோ, ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்று சொல்லியிருந்தவர், பதில் பேசாமல் தன் வழியே போனார். மறு வார்த்தை கர்த்தரிடமிருந்து வந்த பிறகுதான் திரும்பி வந்து பேசினார். மைக் பிடிக்கிற நமக்கு அந்த இடைவெளி தெரியுமா?

‘அப்படியானால் எதுவுமே நிச்சயம் இல்லையா, ஆளாளுக்கு ஒரு அர்த்தமா?’ என்று கேட்பீர்கள். இல்லை. இதே சென்னையில் கதீட்ரல் ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள். 1947 செப்டம்பர் 27 அன்று செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில்தான் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று பல மரபுகள் சேர்ந்தன. பேராயர்கள், அதாவது பிஷப்புகள், வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் ஒரே வேதத்தைத்தான் வைத்திருந்தார்கள். 1919இல் தரங்கம்பாடியில் பேச்சு ஆரம்பித்தது; முடிவுக்கு வர 28 வருஷம். கடைசியில் எப்படி ஒத்துப்போனார்கள்? பேராயர் பதவி இருக்கும், ஆனால் அதற்கு இது ஒன்றே சரியான விளக்கம் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்றார்கள். கிறிஸ்துவே கர்த்தர் என்பதில் ஒரு அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கள் அபிப்பிராயத்தை அபிப்பிராயம் என்று ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்கே 28 வருஷம்.

பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17 புகழ்கிறது. எதற்காக? பவுலே வந்து பிரசங்கித்தும், காரியங்கள் அப்படித்தான் இருக்கிறதா என்று தினந்தோறும் வேதத்தை ஆராய்ந்து பார்த்ததற்காக. ஆகவே இன்றைக்கு நான் சொன்னதையும் வீட்டில் போய்ச் சரிபாருங்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் உங்கள் ஆயரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: ‘ஐயா, இது கர்த்தருடைய கட்டளையா, உங்கள் அபிப்பிராயமா?’ அவர் கோபப்பட்டால், 7ஆம் அதிகாரத்தை எடுத்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.