முதல் கிளாஸ் மதுவுக்கு முன்னாடி, விடிஞ்ச பிறகு

[திரையில்: ஹாஸ்டல் மொட்டை மாடி. கடைசி எக்ஸாம் முடிஞ்ச ராத்திரி.]

குரல்: காலேஜ்ல குடிக்கிற எல்லாரும் ஜாலிக்காகக் குடிக்கிறதில்ல. அரியர், எஜுகேஷன் லோன், பிரேக்-அப், வாரக்கணக்கா வராத தூக்கம். இதையெல்லாம் அமுக்கத்தான் சிலர் பாட்டிலைத் திறக்கிறாங்க.

கொஞ்ச நேரம் அமுங்கவும் செய்யும். மூளையை அமைதிப்படுத்துற காபாங்கிற ரசாயனத்தோட வேலையை மது கூட்டுது, உசுப்பிவிடுற குளூட்டமேட்ங்கிற ரசாயனத்தை அடக்குது. ஆனா போதை இறங்க இறங்க மூளை எதிர்ப்பக்கம் சாயும். விடியக்காலை மூணு மணிக்கு முழிப்பு, படபடப்பு, என்னன்னே தெரியாத ஒரு பயம். "டென்ஷனுக்குக் குடிக்கிறேன்"னு சொல்ற பையனோட டென்ஷன்ல ஒரு பங்கு, முந்தின நாள் குடிச்சதாலயே வந்ததா இருக்கலாம்.

(கஞ்சா, வலி மாத்திரை எல்லாம் தனி வீடியோவுக்கான விஷயம். இன்னிக்கு மதுவும், போதையில நடக்கிற பாதுகாப்பில்லாத செக்ஸும் மட்டும்.)

[திரையில்: இருட்டு அறை. டார்ச் வெளிச்சம் ஒரே இடத்துல.]

குரல்: சரி, செக்ஸுக்கும் மதுவுக்கும் என்ன சம்பந்தம்? 1990-ல கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் இதுக்கு ஒரு விளக்கம் கொடுத்தாங்க. மது நம்ம கவனத்தைச் சுருக்கிடுது, இந்த டார்ச் மாதிரி. பக்கத்துல இருக்கிற ஆளும் அந்த நேரத்து ஆசையும் வெளிச்சத்துல பெருசாத் தெரியும். கர்ப்பம், எச்ஐவி, சிபிலிஸ் மாதிரி பால்வினை நோய் எல்லாம் இருட்டுக்குள்ள போயிடும். காண்டம்னா என்னன்னு நல்லாத் தெரிஞ்சவங்களே அப்போ அதை மறந்துடறாங்க. கேம்பஸ் சுவர்ல இன்னொரு போஸ்டர் ஒட்டி இதைச் சரிபண்ண முடியும்னு எனக்குத் தோணல. பையில காண்டம் இருக்கா, யார்கூடத் திரும்பப் போறோம், இதெல்லாம் முதல் கிளாஸ் குடிக்கிறதுக்கு முன்னாடியே முடிவாகியிருக்கணும்.

இன்னொண்ணு. என்ன நடக்குதுன்னே புரியாத போதையில ஒரு பெண் சரின்னு சொன்னா, சட்டம் அதைச் சம்மதமா எடுத்துக்காது. இந்தியாவோட குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, 63-ஆம் பிரிவு.

[திரையில்: கடிகாரம். 72:00-ல இருந்து குறையுது.]

குரல்: விடிஞ்சாச்சு, பாதுகாப்பில்லாம நடந்தாச்சு. இப்போ நேரம்தான் முக்கியம். எச்ஐவி தொத்தாம தடுக்கிற பிஇபி மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள் விடாம சாப்பிடணும். அது தேவையான்னு அரசு மருத்துவமனையில எச்ஐவிக்குச் சிகிச்சை தர்ற ஏஆர்டி மையத்துல டாக்டர்கிட்ட உடனே கேளுங்க. லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர கருத்தடை மாத்திரைக்கும் 72 மணி நேரக் கணக்குதான், தள்ளிப்போடப் போட பலன் குறையும். டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம்னு விதி இருந்தும், தமிழ்நாட்டுல நிறைய மெடிக்கல்ல இது கிடைக்கிறதில்ல. கடை கடையா அலையறதை விட, நேரா மகப்பேறு டாக்டரைப் பாருங்க.

எச்ஐவி டெஸ்ட், அரசோட ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்துல இலவசம், ரகசியமும் காப்பாங்க. அடுத்த வாரமே எடுத்து நெகட்டிவ்னு வந்தா நிம்மதியாயிடாதீங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் எடுக்கணும்.

இவ்வளவும் இருந்தும் பசங்க ஏன் போறதில்ல? வார்டன் வீட்டுக்கு போன் போட்டுடுவாரோங்கிற பயம். குடிச்சது தெரிஞ்சா சஸ்பென்ஷன், அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வான்னு நிக்கிற காலேஜ்ல, எந்தப் பொண்ணு அந்த 72 மணி நேரத்துக்குள்ள ஹெல்த் சென்டர் கதவைத் தட்டுவா?

[திரையில்: 14416]

குரல்: காலேஜ்ல யார்கிட்டயும் சொல்ல முடியலைன்னா, அரசோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.