தொற்றுநோய் வந்தா கூலி ஏறுமா, இறங்குமா? வடசென்னையை வச்சு ஒரு கணக்கு

[திரையில்: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, எல்லா ஷட்டரும் இறக்கியிருக்கு]

2020 மார்ச் 24, ராத்திரி 8 மணிக்கு அறிவிப்பு. 12 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. நடுவுல இருந்தது நாலே மணி நேரம். எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில நிக்கிற பொண்ணுக்கும், ஹார்பர்ல லோடு ஏத்தறவருக்கும், காசிமேட்டுல ஐஸ் உடைக்கிறவருக்கும் மறுநாள்லேர்ந்து கூலி நின்னுபோச்சு.

பெரிய கொள்ளைநோய்க்கு அப்புறம் உழைக்கிறவங்க கை ஓங்கும்னு ஒரு பேச்சு உண்டு. அது சில இடத்துல நடந்திருக்கு, சில இடத்துல நேர்மாறா நடந்திருக்கு. ஏன்னு புரியணும்னா ஒரே ஒரு கேள்வி போதும்: வேலைக்குப் போகாம ஒரு குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? கூலி பேசுற தெம்பு அந்த நாள் கணக்குலதான் இருக்கு.

[திரையில்: இங்கிலாந்து வரைபடம், 1348]

1348-49ல இங்கிலாந்துல பிளேக். மூணுல ஒரு பங்குக்கும் மேல ஜனம் செத்துப்போச்சு. நிலம் அப்படியே இருக்கு, உழ ஆள் இல்ல. கூலி ஏறுச்சு. உடனே அரசு 1351ல சட்டம் போட்டு, நோய்க்கு முந்தின கூலிக்கு மேல யாரும் கேட்கக்கூடாது, கொடுக்கவும் கூடாதுன்னுச்சு. அந்தக் கோபமும் தலைவரியும் சேர்ந்து 1381ல விவசாயிகள் கிளர்ச்சியா வெடிச்சுது.

பம்பாய்ல 1896ல பிளேக் வந்தப்ப மில் தொழிலாளிங்க ஊருக்கு ஓடிட்டாங்க. அதுவரைக்கும் மாசச் சம்பளத்தையே இழுத்தடிச்சுக் கொடுத்த முதலாளிங்க, அன்னன்னிக்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டியதாச்சு. ஊர்ல கஞ்சிக்கு வழி இருந்தவங்களுக்குத்தான் இது கைகொடுத்துச்சு.

கொரோனாவுல நடந்தது வேற. செத்தவங்கள்ல வயசானவங்க அதிகம். உழைக்கிற கைகள் பெரும்பாலும் அப்படியே இருந்துச்சு, வேலைதான் காணாமப்போச்சு. ஆள் நிறைய, வேலை கம்மி. அப்ப கூலி எப்படி ஏறும்?

அப்படியும் அமெரிக்காவுல ஏறுச்சு. 2020ல வேலை போனவங்களுக்கு வழக்கமான உதவித்தொகைக்கு மேல வாரம் 600 டாலர், ஜூலை கடைசி வரைக்கும் கொடுத்தாங்க. வீட்டுக்கு நேரா காசோலையும் போச்சு. கையில கொஞ்சம் காசு இருந்ததால, கட்டுப்படியாகாத வேலையை 2021ல லட்சக்கணக்கானவங்க உதறினாங்க. குறைஞ்ச சம்பள வேலைகள்லதான் கூலி நல்லா ஏறுச்சு. நம்ம நாட்டுல கொரோனா நிவாரணம்னு அறிவிச்ச 20 லட்சம் கோடி ரூபாய்ல பெரும்பகுதி கடன் உத்தரவாதமும் வங்கிப் பணப்புழக்கமும்தான். கூலிக்காரர் வீட்டுக்கு வந்தது தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய், ஜன் தன் கணக்கு வச்சிருந்த பெண்களுக்கு மாசம் 500 வீதம் மூணு மாசம், தலைக்கு 5 கிலோ கூடுதல் தானியம். அரிசி உயிரைக் காப்பாத்துச்சு. வாடகைக்கும், தினம் தினம் கட்டுற தண்டல் கடனுக்கும் அரிசியைக் கொடுக்க முடியாதே.

[திரையில்: தண்டல் நோட்டு, நூறு கட்டம்]

இந்தத் தண்டலைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம். வடசென்னையில தள்ளுவண்டி, மீன்கூடை, இஸ்திரிக்கடை எல்லாம் ஓடுறது இதுலதான். பொதுவான கணக்கு இது. கடன் 10,000. முன்னாடியே 1,500 பிடிச்சுக்கிட்டு கையில 8,500 கொடுப்பாங்க. தினம் 100 ரூபாய், 100 நாள் கட்டணும். வட்டி 15 சதவீதம்தானேன்னு தோணும். ஆனா அசல் தினமும் குறைஞ்சுக்கிட்டே வருது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டா வருஷத்துக்குச் சுமார் 120 சதவீதம் வருது.

இப்ப 40-வது நாள்ல ஊரடங்கு வந்ததா வச்சுக்குவோம். 4,000 கட்டியாச்சு, பாக்கி 6,000. வியாபாரம் நின்னுபோச்சு. தண்டல்காரர் புதுசா ஒரு 10,000 எழுதுவார். அதுல 1,500 பிடித்தம், பழைய பாக்கி 6,000 பிடித்தம். கைக்கு வர்றது 2,500. ஆனா கட்ட வேண்டியது மறுபடி முழு 10,000. ரிசர்வ் வங்கி 2020 மார்ச்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் கொடுத்த தவணைச் சலுகை வங்கியிலயும் நிதி நிறுவனத்துலயும் வாங்கின கடனுக்குத்தான். தண்டல் நோட்டு அந்தக் கணக்குலயே வராது. இப்படி மாட்டினவர் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டா கூலி பேசவா போறார்? கொடுக்கறதை வாங்கிக்குவார்.

அடுத்து நேரம். 2020 ஏப்ரல்ல குஜராத் அரசு, அப்ப இருந்த தொழிற்சாலைச் சட்டத்தோட பொது அவசரநிலைப் பிரிவைக் காட்டி, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம்னு ஆணை போட்டுச்சு. 8 மணி நேரத்துக்கு 80 ரூபாய்னா 12 மணி நேரத்துக்கு 120 ரூபாய்னு உதாரணமும் அதுலயே இருந்துச்சு. அந்தச் சட்டப்படி 9 மணி நேரத்துக்கு மேல செஞ்சா கூலி இரட்டிப்பு. 9 மணி நேரத்துக்கு 90, மிச்ச மூணு மணி நேரத்துக்கு 60, ஆக 150 வரணும். அந்த 30 ரூபாய்தான் தொழிலாளி பையிலேர்ந்து போனது. அக்டோபர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ஆணைகளை ரத்து பண்ணி, மிகைநேரக் கூலியைக் கொடுக்கச் சொல்லுச்சு.

அதே 12 மணி நேரம் தமிழ்நாட்டுக்கும் வந்துச்சு. 2023 ஏப்ரல் 21-ல சட்டமன்றத்துல மசோதா நிறைவேறுச்சு. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செஞ்சாங்க, தொழிற்சங்கங்கள் கட்சி பார்க்காம எதிர்த்தாங்க. 24-ஆம் தேதி நிறுத்திவச்சாங்க, மே தினத்தன்னிக்குத் திரும்பப் பெறுறதா முதலமைச்சர் அறிவிச்சார். பத்து நாள்ல முடிஞ்ச கதை. இது சும்மா நடக்கல. வேலைநிறுத்தம்னு சொன்னா செஞ்சு காட்டுற சங்கங்கள் திருவொற்றியூர்லயும் எண்ணூர்லயும் ஸ்ரீபெரும்புதூர்லயும் ஏற்கெனவே இருந்ததாலதான்.

[திரையில்: பெரம்பூர், பின்னி மில் பழைய படம்]

இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல் வந்த 1918-ஐயும் இப்படித்தான் படிக்கணும். சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏப்ரல் 27-ல பெரம்பூர்ல ஆரம்பமாச்சு. முன்னாடி நின்னவங்க செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. பின்னி மில்லுல சாப்பாட்டு இடைவேளை போதலைங்கிறது முதல் குறைகள்ல ஒண்ணு. இன்ஃப்ளூயன்ஸா அதுக்கப்புறம்தான் வந்துச்சு. போர்க்கால விலைவாசி, செப்டம்பர்ல அரிசிக் கடைக் கொள்ளை, காய்ச்சல்னு எல்லாம் ஒண்ணா வந்த வருஷத்துல, பேச ஒரு அமைப்பு முன்னாடியே இருந்துச்சு. ஆனா 1921 வேலைநிறுத்தத்துல அதே சங்கம் உடைஞ்சுது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினாங்க, புளியந்தோப்புல குடிசைகள் எரிஞ்சுது. சேரிக்காரரோட நிலைமையைக் கணக்குல எடுக்காத ஒற்றுமை பசி வந்ததும் நிக்கல. வடசென்னைத் தொழிலாளர் அரசியல் பேசுறவங்க யாரும் இதை விட்டுட்டுப் பேசக்கூடாது.

காசிமேட்டைப் பாருங்க. அங்க வருஷா வருஷம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை. தேதி முன்கூட்டியே தெரியும், அரசு நிவாரணம் உண்டு, குடும்பங்கள் சீட்டுப் போட்டு வைக்கும். 2020ல தடைக்கு மூணு வாரம் முன்னாடியே கடல் மூடிப்போச்சு. நிவாரணத்துக்கு மீனவர் பட்டியல்னு ஒண்ணு இருந்துச்சு. ஐஸ் உடைக்கிறவரும் கூடை சுமக்கிற பெண்ணும் அந்தப் பட்டியல்ல எத்தனை பேர் இருப்பாங்க?

அதனாலதான் கொரோனாவுக்கு அப்புறம் இங்க அரசியல் ஆலை வாசல்லேர்ந்து ரேஷன் கடை வாசலுக்கு நகர்ந்துச்சு. 2021 மே மாசம் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல இலவசப் பயணம், அரிசி கார்டுக்கு ரெண்டு தவணையா 4,000, 2023 செப்டம்பர்லேர்ந்து மகளிருக்கு மாசம் 1,000. இதெல்லாம் தாங்கும் நாளைக் கூட்டுது, அது பெரிய விஷயம். ஆனா கூலியைப் பேச ஆள் வேணும். அந்த வேலையைக் குடும்ப அட்டை செய்யாது.

கடைசியா, பட்டியல்ல பேர் இருக்கிற விஷயம். 2020ல நலவாரியத்துல பதிஞ்ச கட்டுமானத் தொழிலாளிக்கு நிவாரணமா 1,000 ரூபாய் தனியா வந்துச்சு. பதியாதவருக்கு வரல. கட்டுமானச் செலவுல 1 சதவீதம் இந்த வாரியத்துக்குன்னே வசூலாகுது, உங்க வேலையிலேர்ந்து வர்ற பணம்தான். 18 முதல் 60 வயசுக்குள்ள பதியணும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ, வேலைச் சான்று வேணும். பெரும்பாலும் சிக்கல் ரெண்டு இடத்துலதான். மேஸ்திரி மாறிக்கிட்டே இருக்கறதால வேலைச் சான்றுக்குக் கையெழுத்து கிடைக்காது, அதுக்குச் சங்கத்தைப் பிடிங்க. ரெண்டாவது, ஆதார்ல இருக்கிற போன் நம்பர் பழசாயிருக்கும், ஓடிபி வராது, முதல்ல அதை மாத்துங்க. 2021 ஆகஸ்ட்ல வந்த, மத்திய அரசோட அமைப்புசாராத் தொழிலாளர் பதிவான இ-ஷ்ரம் அட்டையும் நலவாரிய அட்டையும் வேற வேற. இ-ஷ்ரம் 12 இலக்க எண் கையில இருக்குன்னு வாரியத்துல பதியாம விட்டுடாதீங்க. வாரிய அட்டையில புதுப்பிக்க வேண்டிய தேதி போட்டிருக்கும். அது தாண்டியிருந்தா, வேலை நல்லா ஓடுற இந்த மாசத்துலயே போய்ப் புதுப்பிச்சிடுங்க. அடுத்த ஊரடங்குக்கு நாலு மணி நேர அவகாசம்கூட கிடைக்குமான்னு தெரியாது.