ஒரே நேரத்தில் மூன்று போப்புகள் இருந்தார்களா? யார் உண்மையானவர்?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்: "ஐயா, கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரு காலத்தில் ஒரே நேரத்தில் மூன்று போப்புகள் இருந்தார்களாமே, உண்மையா? அப்படியென்றால் பேதுருவிலிருந்து வரும் போப்புகளின் வரிசை அங்கே அறுந்துபோகவில்லையா? அன்றைக்கு வாழ்ந்த சாதாரண ஆள் யாரை நம்பியிருப்பான்?"

உண்மைதான். 1409 முதல் 1415 வரை மூன்று பேர், அதற்கு முன்னால் 1378லிருந்து முப்பது வருடத்துக்கு மேல் இரண்டு பேர். ஆனால் இது விசுவாசத்தைப் பற்றிய சண்டை இல்லை. திரித்துவத்திலோ நற்கருணையிலோ இரண்டு பக்கத்துக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் கிடையாது. ஒரு தேர்தல் செல்லுமா செல்லாதா, அவ்வளவுதான் பிரச்சினை, அந்த ஒரு கேள்விதான் நாற்பது வருடம் ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1309லிருந்து போப்புகள் ரோமில் இல்லை, இன்றைய தெற்கு பிரான்சில் இருக்கும் அவிஞோனில் இருந்தார்கள். ஏறக்குறைய எழுபது வருடம், வரிசையாக ஏழு பேர், எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள். 11ஆம் கிரகோரிதான் 1377 ஜனவரியில் ரோமுக்குத் திரும்பி வந்தார், வந்து பதினான்கே மாதத்தில் இறந்துவிட்டார். இப்போது ரோம் மக்களின் பயம் என்னவென்றால், மறுபடியும் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தால் போப் பதவி திரும்பவும் அவிஞோனுக்குப் போய்விடும். போப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ள மூத்த குருக்களைக் கர்தினால்கள் என்பார்கள், அப்படி உள்ளே போன 16 பேரில் 11 பேர் பிரெஞ்சுக்காரர்கள், அதனால் பயம் நியாயமானதுதான். வெளியே பெரிய கூட்டம் கூடி, ரோமாக்காரர் வேண்டும், இல்லாவிட்டால் இத்தாலியராவது வேண்டும் என்று கத்திக்கொண்டே இருந்தது.

1378 ஏப்ரல் 8. உள்ளே இருந்தவர்கள் பாரி நகரப் பேராயர் பர்த்தலோமேயோ பிரிஞானோவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இவர் கர்தினால்கூட இல்லை, ஆளும் அங்கே இல்லை, கூப்பிட்டு வர வேண்டும். அதற்குள் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டது. கர்தினால்கள் பயந்துபோய் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களில் இருந்த ரோமாக்காரரான வயதான தெபால்தெஸ்கி என்ற கர்தினாலைப் பிடித்து உட்கார வைத்து, போப்பின் உடுப்பைப் போர்த்தி, இவர்தான் புதிய போப் என்று காட்டிவிட்டுத் தப்பி ஓடினார்கள். அந்தப் பெரியவர் நான் போப் இல்லை, நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, ஜனங்கள் வந்து ஆசீர் வாங்குகிறார்கள். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் வந்த வழக்கு முழுவதும் இந்த ஒரு நாளைச் சுற்றித்தான்.

அப்புறம் நிலைமை அடங்கியது, அதே கர்தினால்கள் திரும்பி வந்து பிரிஞானோவுக்கு 6ஆம் உர்பான் என்ற பெயரில் உயிர்ப்புப் பெருவிழா அன்று முடி சூட்டினார்கள். இரண்டு மூன்று மாதம் அவரைப் போப் என்றுதான் நடத்தினார்கள். கெட்டுப்போனது அவருடைய சுபாவத்தால். கர்தினால்களின் ஆடம்பரம், வருமானம், லஞ்சம் எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டினார். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி என்றுதான் நான் நினைக்கிறேன், திருச்சபைக்குச் சீர்திருத்தம் வேண்டியிருந்தது. ஆனால் சொன்ன விதம் பகையை மட்டும்தான் வளர்த்தது. பின்னால் 1385ல் தன்னுடைய கர்தினால்கள் ஆறு பேரையே சதி என்று பிடித்துச் சித்திரவதை செய்தார், அதில் ஐந்து பேர் உயிரோடு திரும்பவில்லை.

பிரெஞ்சுக் கர்தினால்கள் அனாஞி என்ற ஊருக்குப் போய், ஆகஸ்டில், கூட்டத்துக்குப் பயந்து போட்ட ஓட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 20 அன்று ஃபோந்தி என்ற ஊரில் ஜெனீவா ராபர்ட்டை 7ஆம் கிளமெண்ட் என்று தேர்ந்தெடுத்தார்கள். அவர் அவிஞோனுக்குப் போய்விட்டார். பிரான்ஸ், ஸ்காட்லாந்து, பின்னால் இன்றைய ஸ்பெயினில் இருக்கும் காஸ்தீல், அரகோன் எல்லாம் அவர் பக்கம். இங்கிலாந்து, ஹங்கேரி, போலந்து, ஜெர்மன் நாடுகளில் பெரும்பகுதி ரோம் பக்கம். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நூறாண்டுப் போர் நடக்கிற காலம் அது, பிரான்ஸ் ஒரு பக்கம் போனால் இங்கிலாந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, சாதாரண ஆள் யாரை நம்பினான்? அவன் ஊர் ஆயரும் அவன் நாட்டு ராஜாவும் யாரைச் சொன்னார்களோ அவரைத்தான். இதில் அவனைக் குறை சொல்ல முடியாது, புனிதர்களே இரண்டு பக்கமும் இருந்தார்கள். சியன்னா நகர் புனித கத்தரீன் உர்பான்தான் போப் என்று உயிரைக் கொடுத்து எழுதினார். புனித வின்சென்ட் பெரர் அவிஞோன் பக்கம், அதுவும் வருடக்கணக்காக. இருவரும் தோமினிக்கன் துறவற சபை, அந்தச் சபையே இரண்டாகி இரண்டு தலைவர்களின் கீழ் இருந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த குருவின் திருநிலைப்பாடு, அதாவது குருப்பட்டம், செல்லும், அவர் வைத்த பூசை செல்லும், அதில் தவறான போப்பின் பெயரைச் சொல்லி ஜெபித்திருந்தாலும் செல்லும். அந்த மக்கள் திருச்சபைக்கு வெளியே இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஒருவர் இறந்தால் பிரச்சினை தீரும் என்று எதிர்பார்த்தார்கள், தீரவில்லை. இரண்டு பக்கமும் வாரிசைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள். 1394ல் அவிஞோனில் வந்தவர் 13ஆம் பெனடிக்ட், அதாவது பேத்ரோ தெ லூனா. இவர் 1378ல் ரோமில் உர்பானைத் தேர்ந்தெடுத்த அந்த 16 பேரில் ஒருவர்! ரோமில் 1406ல் வந்தவர் 12ஆம் கிரகோரி. எதிராளி விலகினால் நானும் விலகுகிறேன் என்று இருவருமே சத்தியம் செய்திருந்தார்கள். சவோனா என்ற ஊரில் சந்திப்பதாக ஏற்பாடு. ஒருவர் கடலோரமாக வந்தார், மற்றவர் நிலவழியாக வந்தார், கடைசியில் ஒருவர் போர்ட்டோவேனெரே வரைக்கும், மற்றவர் லூக்கா வரைக்கும் வந்துவிட்டு, சந்திக்காமலே போனார்கள். அப்போது போப்பின் அலுவலகத்தில் வேலை பார்த்த லியோனார்டோ புரூனி, ஒருவர் கரைக்கு வர மாட்டேன் என்கிற தண்ணீர் ஜந்து மாதிரி, மற்றவர் தண்ணீரை நெருங்க மாட்டேன் என்கிற நில ஜந்து மாதிரி என்று எழுதினார். எனக்கு அதைப் படிக்கும்போது துக்கமாகத்தான் இருக்கும், அத்தனை பேர் காத்திருந்தார்களே.

வெறுத்துப்போன இரண்டு பக்கத்துக் கர்தினால்களும் 1409ல் பீசா நகரில் சங்கம், அதாவது திருச்சபைத் தலைவர்களின் பொதுக்கூட்டம், கூட்டி, இருவரையும் நீக்கிவிட்டோம் என்று 5ஆம் அலெக்சாண்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். நீக்கப்பட்ட இருவரும் போகவில்லை. இப்படித்தான் இரண்டு மூன்றானது. அலெக்சாண்டர் அடுத்த வருடமே இறந்தார், அவர் இடத்தில் 23ஆம் ஜான் வந்தார், பல்தசாரே கோஸ்ஸா என்பவர்.

தீர்ந்த இடம் கான்ஸ்டன்ஸ், இன்றைக்கு ஜெர்மனியில் ஏரிக்கரையில் இருக்கிற ஊர். ஜெர்மன் ராஜா சிகிஸ்மண்ட் வற்புறுத்தி 1414ல் பொதுச்சங்கம் கூடியது. தலைக்கு ஒரு ஓட்டு என்றால் ஜானோடு வந்த இத்தாலியர்களே ஜெயித்துவிடுவார்கள் என்று, நாட்டுக்கு ஒரு ஓட்டு என்று மாற்றினார்கள். ஜானுக்கு நிலைமை புரிந்தது, 1415 மார்ச்சில் வேஷம் மாற்றிக்கொண்டு ஊரைவிட்டே ஓடினார். பிடித்துக் கொண்டுவந்து மே 29 அன்று பதவி நீக்கம் செய்தார்கள். பெனடிக்ட் கடைசிவரை இறங்கவில்லை, ஸ்பெயினில் பெனீஸ்கோலா என்ற கடற்பாறைக் கோட்டையில் உட்கார்ந்து சாகும்வரை தான்தான் போப் என்றார். அவருக்காக அவ்வளவு உழைத்த வின்சென்ட் பெரரே 1416ல், அரகோன் அவரைக் கைவிடுகிறது என்று மேடையேறி அறிவித்தார்.

வரிசை அறுந்ததா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் கிரகோரி செய்த காரியத்தில் இருக்கிறது. 1415 ஜூலை 4. முதலில் அவர் பெயரால் அந்தச் சங்கத்தை முறைப்படி கூட்டுவதாக ஆணை வாசிக்கப்பட்டது, சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. பிறகு அவருடைய பிரதிநிதி கார்லோ மலதெஸ்தா எழுந்து ராஜினாமாவை வாசித்தார். அதாவது ரோம் வரிசையைத் துரத்தவில்லை, அதுவே வழிவிட்டது. 1417 நவம்பர் 11 அன்று புனித மார்ட்டினார் திருநாளில் ஒத்தோனே கொலோன்னாவை 5ஆம் மார்ட்டின் என்று தேர்ந்தெடுத்தார்கள், கர்தினால்கள் 23 பேர், ஐந்து நாடுகளிலிருந்து ஆறாறு பேராக 30 பேர். கிரகோரி அதைப் பார்க்கவில்லை, முந்தின மாதம்தான் இறந்திருந்தார். பிடிவாதம் பிடித்தவர்தான் அவரும், ஆனாலும் கடைசியில் இறங்கி வந்தாரே, அதற்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இன்றைய பட்டியல் ரோம் வரிசையைத்தான் எண்ணுகிறது. ஆனால் இந்தத் தெளிவு ரோமுக்கே உடனே வரவில்லை. 1492ல் போப்பாக வந்த போர்ஜியா என்பவர் தனக்கு 6ஆம் அலெக்சாண்டர் என்று பெயர் வைத்தார், அப்படியென்றால் பீசாவின் 5ஆம் அலெக்சாண்டரைக் கணக்கில் சேர்த்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அந்த எண் இன்றும் மாறவில்லை. 23ஆம் ஜான் என்ற பெயரோ ஐந்நூறு வருடம் யாரும் தொடாமல் கிடந்தது, 1958ல் போப்பான ரொன்கால்லி அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்தச் சந்தேகம் முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க எனக்கு மனசு வராது. கிரகோரியின் ராஜினாமா வாசிக்கப்பட்டு இரண்டே நாளில், ஜூலை 6 அன்று, அதே சங்கம் யான் ஹுஸைக் கண்டித்து, தண்டனைக்காக ராஜாவின் அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. நம் ஊரில் ஜான் ஹஸ் என்பார்கள். இன்றைய செக் நாட்டில் இருக்கும் பிராகாவில், பெத்லகேம் ஆலயத்தில் மக்கள் மொழியான செக் மொழியில் பிரசங்கம் செய்தவர். 1412ல், அந்த 23ஆம் ஜான் தன் அரசியல் எதிரியான நேப்பிள்ஸ் ராஜாவோடு சண்டை போட ஆள் திரட்டுவதற்குப் பாவத்தண்டனைச் சலுகை அறிவித்தபோது, இது தப்பு என்று எழுந்து நின்றார். சிகிஸ்மண்ட் கொடுத்த பாதுகாப்புக் கடிதத்தோடுதான் கான்ஸ்டன்சுக்கு வந்தார், வந்த மாதமே சிறையில் போட்டார்கள். பேராலயத்தில் நிறுத்தி, பூசை உடுப்பை அணிவித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, கையில் இருந்த கிண்ணத்தைப் பிடுங்கி, பிசாசுகளின் படம் வரைந்த காகிதக் கிரீடத்தைத் தலையில் வைத்து அனுப்பினார்கள். உயிரோடு எரித்த பிறகு சாம்பலை ரைன் நதியில் கொட்டினார்கள், கல்லறைகூட இருக்கக் கூடாது என்று.

அவர் எதிர்த்து நின்ற அந்த ஜானை இதே சங்கம்தான் ஐந்து வாரத்துக்கு முன்னால் பதவி நீக்கம் செய்திருந்தது. 1999ல் 2ஆம் ஜான் பால் ஹுஸின் கொடூரமான சாவுக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். 584 வருடம் ஆகியிருந்தது.